வேளச்சேரியில் மனை வாங்கும் முன் வெள்ள அபாய வரைபடத்தை நம்பலாமா?

ஓரளவு நம்பலாம். மழைநாளில் சாதாரண செயற்கைக்கோள் படத்தில் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். வெட்டவெளியில் தேங்கிய நீர் அதில் கருப்பாக விழும். வரைபடம் தயாரிக்கும் நாங்கள் அதோடு நில உயரம், சரிவு, மண், ஓடையின் தூரம் எல்லாவற்றுக்கும் எடை கொடுத்துக் கூட்டி அபாயத்தைக் கணக்கிடுவோம்.

சிக்கல் உயரத்தில்தான். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம். மொட்டைமாடியும் மரத்தலையும் தரையோடு கலந்துவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றியுள்ள தட்டை நிலத்திலோ அரை மீட்டர் வித்தியாசமே தண்ணீர் வீட்டுக்குள் வருமா என்பதைத் தீர்மானிக்கும்.

அதனால் 2015 டிசம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, சுவர்க்கறையை டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய நில ஆவணத்தில் ஏரி, கழுவெளி (சதுப்பு நிலம்) என்றிருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.