தம்பிக்குக் கொடுக்காத பணமும் எடுக்காத போனும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். வயது 54. சி.எஸ்.ஐ. சபை. தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. அதோடு அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் தேயிலை. அம்மா அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். நானும் தம்பியும் இரண்டே பேர். நிலம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

தம்பி டவுனில் கடை வைத்திருந்ததால் தோட்டத்தை நான் பார்த்தேன். செலவு போக அவன் பங்கு வருடத்துக்கு 30,000 ரூபாய் வரும். பசுந்தேயிலை விலை விழுந்த வருடம் கொடுப்பதை நிறுத்தினேன். விலை ஏறிய பிறகும் கொடுக்கவில்லை. கேட்டான், வார்த்தை தடித்தது, பேச்சு நின்றுபோனது. நான்கு வருடம் ஒரே கோயிலில் அவன் முன் பெஞ்சு, நான் கடைசி பெஞ்சு.

போன வருடம் ஜூலையில் ஒரு ராத்திரி 11 மணிக்கு போன் அடித்தது. தம்பி பெயர். கவிழ்த்து வைத்துவிட்டேன். நெஞ்சு வலி என்று 11.20க்கே அவன் மைத்துனர் காரில் கோவைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்கிறேன். தினமும் அதே ஜெபம். உபவாசக் கூட்டத்தில் அழுது அறிக்கை செய்தேன். இரண்டு நாள் லேசாக இருந்தது, பிறகு பழையபடிதான். திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்குவதில்லை, குன்னூர் சுற்றிப் போகிறேன். எட்டு கிலோ இளைத்துவிட்டேன். சபையில் காணிக்கை எண்ணுகிறவர்களில் நானும் ஒருவன். அந்த மேசையில் கை நடுங்குகிறது, விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். தம்பி சம்சாரம் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாததால் இந்த வருடக் கொழுந்துப் பணமும் என்னிடமே இருக்கிறது. தம்பியின் பெரியவள் காலேஜில் படிக்கிறாள், சின்னவன் பிளஸ் டூ. சில நாள், இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. கர்த்தர் மன்னித்தார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

— கோத்தகிரி வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முன்னால் அதற்கு மேலே உள்ள வரியை எடுத்துக்கொள்கிறேன். ‘இருந்து என்ன’ என்ற நினைப்பு, எட்டு கிலோ எடை, 3 மணி விழிப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். விசுவாசக் குறைவு என்று எண்ணி ஒளிக்காதீர்கள். இன்றே மனைவியிடம் சொல்லுங்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வைத்திருக்கும் அறைச் சாவி அவரிடம் இருக்கட்டும். இந்த வாரமே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. ராத்திரியில் அந்த நினைப்பு அழுத்தினால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலிமானஸ் எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி உங்கள் பாரத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒன்று என்று நினைத்துச் சுமப்பது உண்மையில் மூன்று. பணத்தை வைத்துக்கொண்டது ஒன்று. நான்கு வருடம் பேசாமல் இருந்தது இன்னொன்று. இவை இரண்டும் நீங்கள் தெரிந்து செய்த தவறுகள். நான் அவற்றைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் உங்கள் மனம் ஏற்காது. மூன்றாவது அந்த போன். அன்று 11 மணிக்கு உங்களுக்குத் தெரிந்தது, சண்டையில் இருக்கும் தம்பி கூப்பிடுகிறான் என்பது மட்டும். நெஞ்சு வலி என்பது பிறகு தெரிந்தது. பிறகு தெரிந்ததை வைத்து அந்த 11 மணி மனிதனுக்குக் கொலைத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எரிச்சலில் எடுக்காமல் விட்டது பேசாமல் இருந்த தவறின் ஒரு துண்டு, அந்த அளவோடு அதை அறிக்கை செய்யுங்கள். மரணத்தை அதோடு சேர்க்காதீர்கள். கார் 11.20க்கே கிளம்பிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எடுத்திருந்தால் வண்டி அதைவிட சீக்கிரம் கிளம்பியிருக்கும் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நீங்கள் இழந்தது அவன் குரலைக் கடைசியாக ஒரு முறை கேட்கும் வாய்ப்பை. அது துக்கம். துக்கத்துக்கு மன்னிப்பு கேட்க முடியாது, அழத்தான் முடியும். மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் உங்களுக்கு இன்னும் அழுது தீரவில்லை.

தினசரி ஜெபம் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. அதே பாவத்துக்கு ஒவ்வொரு ராத்திரியும் மன்னிப்புக் கேட்கும்போது, நேற்று கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று உங்கள் மனதுக்கு நீங்களே கற்றுக் கொடுக்கிறீர்கள். கேட்டு முடித்ததும் பதற்றம் கொஞ்சம் இறங்கும், அந்த ருசிக்காக மறுநாளும் மனம் கேட்கச் சொல்லும். உபவாசக் கூட்டத்தில் கிடைத்த இரண்டு நாள் லேசும் அழுகை கொடுத்த ஓய்வுதான். மன்னிப்பை அந்த உணர்ச்சியால் அளந்தால் உணர்ச்சி போகும்போது மன்னிப்பும் போனதாகத் தோன்றும். மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர் ‘நேசிக்கிறாயா’ என்று மூன்று முறை கேட்டார் (யோவான் 21). நான்காவது முறை கேட்கவில்லை, ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று வேலையைக் கொடுத்தார்.

ஆகவே அறிக்கையை ஒரே முறை, முழுதாகச் செய்யுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எந்த வருடம், எவ்வளவு, என்ன வார்த்தை பேசினீர்கள். ‘நான் மகா பாவி’ போன்ற வரிகள் வேண்டாம். அவை பெரிதாக ஒலிக்கும், ஆனால் எதையும் ஒப்புக்கொள்ளாது. பிறகு ஆயரிடம் வாரநாளில் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். இது கமிட்டிக்கோ வீட்டாருக்கோ போகாது என்ற உறுதியை முதலில் வாங்குங்கள். உறுதி கிடைக்காவிட்டால் அனுபவமுள்ள வேறு ஆயரைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யூதாசும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான், பாவம் செய்தேன் என்றும் சொன்னான். கேட்ட ஆசாரியர்கள் ‘எங்களுக்கென்ன’ என்று அனுப்பிவிட்டார்கள் (மத்தேயு 27). ஆயரிடம் தாளை வாசியுங்கள், அவர் மன்னிப்பின் வார்த்தையை உங்கள் பெயர் சொல்லிக் கூறட்டும். அன்றைய தேதியைப் பைபிளின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். அதன்பின் நினைவு வந்தால் மறுபடி கேட்காமல், அந்தத் தேதியைச் சொல்லி ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் பதற்றம் கூடும். பழைய வழக்கம் முறிகிற பதற்றம் அது, தானாக இறங்கும்.

சபை முன்னால் சாட்சியாக இதைச் சொல்ல யாராவது தூண்டினால் மறுத்துவிடுங்கள். அதில் உங்கள் மானம் மட்டும் இல்லை, தம்பி மனைவியின் வீட்டு விஷயமும் தெருவுக்கு வருகிறது.

பணம் அறிக்கையால் தீராது. எண்ணாகமம் 5:7 சொல்வது முதலும் அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கும். இந்த வருடத்தையும் சேர்த்து ஐந்து வருடம் 1,50,000. ஐந்தில் ஒரு பங்கு 30,000. மொத்தம் 1,80,000 ரூபாய். மாதம் 3,000 என்றால் 60 மாதம். ஆகட்டும், வைத்துக்கொண்டதும் ஐந்து வருடம்தானே. காலேஜ் கட்டணம் கட்டும் மாதத்தில் முடிந்தால் கூடுதலாகக் கொடுங்கள். கையில் கொடுக்காமல் வங்கி வழியாக தம்பி மனைவியின் கணக்குக்கே அனுப்புங்கள், பிறகு இரு பக்கமும் பேச்சு வராது. இனி வரும் கொழுந்துப் பணத்தின் பாதி இதில் சேராது, அது தனி. நிலத்தையும் அப்பா பெயரிலேயே விடாதீர்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன்படி, உயில் இல்லாவிட்டால் கிறிஸ்தவக் குடும்பத்தில் தம்பியின் பங்கில் மூன்றில் ஒன்று மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவில் அவர்கள் பெயரையும் ஏற்றும் வேலையை ஒரு வக்கீலோடு தொடங்குங்கள்.

முகம் பார்க்கத் தைரியம் இல்லாமல் இந்த வருடப் பணத்தையும் வைத்திருக்கிறீர்களே, அங்கே உங்கள் குற்ற உணர்வே புதிய தவறு ஒன்றைச் செய்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த வரிதான். நீங்கள் வேதனைப்படுவதால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பருவக் கட்டணம்கூடக் கட்ட முடியாது.

தம்பி வீட்டுக்குப் போகும்போது உங்கள் மனைவியோடு போங்கள். நினைவு நாள் அன்று வேண்டாம், பகலில் போங்கள். சுருக்கமாகப் பேசுங்கள்: ‘அம்மா, தம்பி பங்கை நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அது தப்பு. கணக்கு இந்தத் தாளில் இருக்கிறது. மாதா மாதம் வரும்.’ விலை விழுந்த கதையைச் சொல்லாதீர்கள். அழுது அவரை உங்களைத் தேற்ற வைக்காதீர்கள். அன்றைக்கே மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள். அவர் திட்டலாம், கதவைச் சாத்தலாம், பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமலும் இருக்கலாம். பணமே வேண்டாம் என்றால் பிள்ளைகள் பெயரில் வங்கியிலோ தபால் அலுவலகத்திலோ மாதா மாதம் போட்டு வாருங்கள். அவர் மன்னிப்பது அவருடைய நேரத்தில் நடக்கும். ஆண்டவர் மன்னித்தாரா என்பதற்கு அதை அத்தாட்சியாக வைக்க வேண்டாம்.

அந்த வீட்டுக்குப் போய் வந்த பிறகு வரும் முதல் திருவிருந்துக்கு எழுந்து போங்கள். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் (மத்தேயு 5:24) உங்களைத் தடுத்திருக்கலாம். அந்த வசனத்திலேயே ‘பின்பு வந்து’ என்று இருக்கிறது.

துக்கத்துக்குத் தனியாக இடம் கொடுங்கள். மாலை 5.30க்கு 20 நிமிடம், ஒரே நாற்காலியில், தம்பியை நினைக்க மட்டும். சண்டையை மட்டும் நினைக்காமல், சின்ன வயதில் இருந்தே நினையுங்கள். அவனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கல்லறையில் வாசியுங்கள். 3 மணிக்கு விழித்தால் 20 நிமிடத்துக்கு மேல் படுக்கையில் புரள வேண்டாம். குளிர் என்று எழாமல் இருப்பீர்கள், அதனால் கம்பளியைக் கட்டிலிலேயே வைத்திருங்கள். அடுத்த அறையில் உட்காருங்கள், தூக்கம் வந்தால் திரும்புங்கள். நினைவுகளுக்கு 5.30 மணி இருக்கிறது என்று அவற்றைத் தள்ளிப் போடுங்கள்.

மேட்டுப்பாளையம் ரோட்டை ஒரேயடியாக இறங்க வேண்டாம். முதல் வாரம் பகல் பஸ்ஸில் அரவேணு வரை, அடுத்து குஞ்சப்பனை வரை, பிறகு மேட்டுப்பாளையம். படபடப்பு ஏறும்போது இறங்கி ஓடாதீர்கள். அது பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருங்கள், பெரும்பாலும் அரை மணிக்குள் குறையும். பாதியில் திரும்பினால் பயம் இன்னும் கெட்டியாகும்.

காணிக்கை மேசையை ஆறு மாதம் வேறொருவருக்குக் கொடுங்கள். ஆனால் சபை வேலையை விடாதீர்கள். துக்க வீடுகளுக்கு ஜெபத்துக்குப் போகும் குழுவில் சேரலாம் என்று ஆயரிடம் கேளுங்கள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு போதும், அதற்கு முன் வேண்டாம்.