யாருடைய ஆயுள்?

இந்த வாரம் வந்ததில் பாதிக்கு மேல் சாக்ஸபோன் கடிதங்கள். ஆன்லைனில் கற்றுத்தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்து நெல்லைச் சீமையே ஊதக் கிளம்பிவிட்டது போல. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: அண்ணாச்சி, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். முதல் சாக்ஸபோன் வாங்கப் போகிறேன். பெரிய வகையான டெனர்தான் கம்பீரம் என்கிறார் கடைக்காரர். அதைவிடச் சிறிய ஆல்டோ போதுமா? (அம்பாசமுத்திரம்)

ப: ஆல்டோ. டெனர் பெரிசு, கனம், மூச்சும் கூடுதலாகக் கேட்கும். கம்பீரம் அப்புறம் வரட்டும்.

கே: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக 48 ஆன்லைன் வகுப்புகளுக்கு 36,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். ஐந்து வகுப்புக்குள் மூன்று வாத்தியார் மாறினார்கள். இப்போது வகுப்பே இல்லை. 'கட்டிய பணம் திரும்பாது, நிபந்தனையில் இருக்கிறது' என்கிறார்கள். நிறுவனம் பெங்களூரில். (பாளையங்கோட்டை வாசகி)

ப: அம்மா, அவர்கள் எழுதிக்கொண்ட நிபந்தனை சட்டமாகிவிடாது. வகுப்பு எடுக்காமல் காசை மட்டும் வைத்துக்கொள்வது சேவைக் குறைபாடு. நடந்த ஐந்துக்கு 3,750 போக மீதி 32,250 ரூபாயைத் தேதி குறித்து மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் பேசி ஏமாற வேண்டாம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் வழக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டாம், திருநெல்வேலி நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இனி என் புலம்பல். வருடக் கட்டணத்தை மொத்தமாக வாங்குவது என்ன வழக்கம்? அந்தக் காலத்துப் பாட்டு வாத்தியார் மாசம் முடிந்துதான் சம்பளம் வாங்குவார். அதற்கும் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். இவர்களோ முதல் சுரம் வருவதற்கு முன்பே வருடக் காசை எடுத்துவிடுகிறார்கள். பிறகு வாத்தியார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? இதைவிட மோசம் 'ஆயுள் முழுக்கப் பார்க்கலாம்' என்று விற்கும் வீடியோ பாடங்கள். நானும் 4,999 ரூபாய் கொடுத்து வயலின் பாடம் ஒன்று அப்படி வாங்கினேன். பதினோராவது மாதம் அந்தத் தளமே திறக்கவில்லை. யாருடைய ஆயுள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வயலின் இன்னும் பீரோ மேல் இருக்கிறது, வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஒரு மாதக் காசுக்கு மேல் முன்பணம் கேட்கும் இடத்தில் சேராதீர்கள்.

கே: இணையத்தில் 14,500-க்கு சாக்ஸபோன் வாங்கினேன். நல்ல நாள் பார்த்து மூன்று வாரம் கழித்துத்தான் பெட்டியைப் பிரித்தேன். கீழ் சுரங்கள் வரவே இல்லை. திருப்பித் தரும் கெடு பத்து நாளாம். (வள்ளியூர்)

ப: நாள் பார்த்தவர் கெடுவையும் பார்த்திருக்கலாமே! சரி, இருட்டறையில் குழலுக்குள் சின்ன விளக்கை விட்டு, சாவிகளை மெல்ல மூடிப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் துளையை மூடும் மெத்தை (பேட்) சரியாக உட்காரவில்லை. படம் எடுத்து அனுப்பி, உத்தரவாதத்தின்படி சரிசெய்து கேளுங்கள். கசியவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் ஊதுகிறவரிடம். புதிதாக ஊதுபவர்களுக்குக் கீழ் சுரம் சுலபத்தில் வராது.

கே: சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து ஆல்டோவில் 'சி' ஊதினால் சேரவே இல்லை. பழுதான கருவியைத் தள்ளிவிட்டார்களா? (களக்காடு)

ப: இல்லை. ஆல்டோ, இ-ஃப்ளாட் கருவி. 'சி'க்கு விரல் வைத்தால் இ-ஃப்ளாட்தான் ஒலிக்கும். அது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை, பெட்டியை அதில் வையுங்கள். முதல் வகுப்பில் இதைச் சொல்லாத வாத்தியாரை வேண்டுமானால் திருப்பி அனுப்பலாம்.

கே: வகுப்பில் என் ஊதல் விட்டு விட்டுக் கேட்கிறதாம். 9,000 ரூபாய் மைக்கைத் தன்னிடமே வாங்கச் சொல்கிறார் ஆசிரியர். (தென்காசி)

ப: வாங்காதீர்கள். நீளமாக ஊதும் சுரத்தை இரைச்சல் என்று நினைத்து வீடியோ அழைப்புச் செயலிதான் வெட்டுகிறது. ஜூமில் இசைக்காரர்களுக்கென்றே 'ஒரிஜினல் சவுண்ட்' வசதி இருக்கிறது, போட்டுப் பாருங்கள். காசு கேட்காது.

கே: பழைய சாக்ஸபோன் விற்கிறேன் என்றவர், முன்பணத்தைத் திருப்பித் தருவதாக க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். 6,000 போய்விட்டது. அவமானத்தில் வீட்டில் சொல்லவில்லை. (மேலப்பாளையம்)

ப: அவமானம் அவனுக்கு, உங்களுக்கு இல்லை தம்பி. இதைப் படித்தவுடன் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே வேண்டாம். அதைக் கேட்டால் உங்கள் கணக்கில் இருந்துதான் பணம் போகப் போகிறது. வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

கே: ஆறே மாதத்தில் கர்நாடகக் கச்சேரி மேடை, சான்றிதழுடன் என்று ஒரு வகுப்பு விளம்பரம். சேரலாமா? (வீரவநல்லூர்)

ப: வேண்டாம். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் பெயர் பெற்ற கத்ரி கோபால்நாத் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கே சாக்ஸபோனில் கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவைக் கொண்டுவரப் பல வருடம் ஆயிற்று.

கே: ஊதும் முனையில் வைக்கும் நாணல் பட்டை, அதுதான் ரீடு, ஒன்று போதும்தானே? பத்து உள்ள பெட்டியை ஏன் வாங்கச் சொல்கிறார்கள்? (காருகுறிச்சி)

ப: காருகுறிச்சியில் இருந்தா இந்தக் கேள்வி! நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர்க்காரர் நீங்கள், நாகஸ்வரத்தில் உதிரிச் சீவாளிகள் (ஊதும் நாணல் முனைகள்) கொத்தாகத் தொங்குவதைப் பார்த்ததில்லையா? இதுவும் அந்த ஜாதிதான். ரீடின் விறைப்பைக் குறிக்கும் எண்ணில் இரண்டாம் நம்பரைப் பெட்டியாகவே வாங்கி, அதில் மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றி ஊதுங்கள். ஊதி முடித்ததும் ஈரத்தைத் துடைத்து வைக்க வேண்டும்.