சி.பி.டி எண்ணெயும் வலிப்புக் குளிசையும்

கேள்வி: 2009இல் தலையில் செல் துண்டு பட்டதிலிருந்து மகனுக்கு வலிப்பு. வல்ப்ரோயேட் குளிசை எடுக்கிறார். கனடாவில் இருக்கும் தமையன் கொடுத்துவிட்ட, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி எண்ணெயை ஒரு மாதமாகக் கொடுக்கிறேன். கஞ்சாவுக்கு அடிமையாகிவிடுவாரா? சிறுநீரகம் பழுதாகுமா? – ஒரு தாய், மல்லாவி

அம்மா, சி.பி.டியால் அடிமையாக மாட்டார். கஞ்சாச் செடியில் போதை தருவது ரி.எச்.சி; சி.பி.டி வேறு. பகல் தூக்கமும் வயிற்றோட்டமும் இந்த எண்ணெய்க்கு வழமை. வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயை இதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

எனக்குப் பயம் தருவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி: "சாப்பாடு குறைஞ்சு போச்சு, சலம் தேத்தண்ணி நிறத்தில போகுது, வெயிலுக்காக்கும்." வெயிலில் வயலில் நின்றால் சலம் மஞ்சளாகப் போகும்தான். ஆனால் தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும், பசியையும் கெடுக்காது. இரண்டும் சேர்ந்தால் ஈரலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சி.பி.டி தனியாகவே ஈரலைத் தாக்கக்கூடியது. வல்ப்ரோயேட்டும் கூடவே போனால் அந்த ஆபத்துப் பல மடங்கு. அநேகமாக முதல் இரண்டு மாதத்துக்குள் வரும்.

எண்ணெயை இன்றைக்கே நிறுத்துங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போய் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். போகுமுன் முற்றத்து வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்து வெள்ளைமுழியைப் பாருங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் மஞ்சள் பிடிபடாது. செங்கண்மாரி தெரிந்தாலோ, சத்தி எடுத்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ 1990 அம்புலன்ஸுக்கு உடனே அழையுங்கள். கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு நாளும் கடத்தக்கூடாது.

அப்புறம், வீடியோ பார்த்துக் குளிசையைப் பாதியாக்கினேன் என்கிறீர்கள். யாரம்மா அப்படிச் செய்யச் சொன்னது? 2018இல் அமெரிக்காவில் சி.பி.டியை மருந்தாக அனுமதித்தது உண்மை. அது சிறுவயதில் தொடங்கும் அபூர்வமான சில கடும் வலிப்புகளுக்கு, அதுவும் ஈரலைச் சோதித்துச் சோதித்துக் கொடுப்பது. தலைக்காயத்தால் வரும் வலிப்புக்கு அல்ல. வலிப்புக் குளிசையைச் சட்டென்று குறைத்தால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். இப்போது நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், ஈரலின் நிலை பார்த்து வைத்தியர் அளவு சொல்லட்டும்.

போத்தலில் எழுதியதையும் நம்பாதீர்கள். 2017இல் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி பொருட்களை அமெரிக்காவில் சோதித்தபோது 26இல்தான் லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது, 18இல் ரி.எச்.சியும் கலந்திருந்தது.

திட்டுவார்கள், பொலிஸுக்குப் போகும் என்று பயந்து எண்ணெயை மட்டும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். லேபிளைப் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். எதனால் ஈரல் கெட்டது என்று தெரிந்தால்தான் அவர் எந்த மருந்தை நிறுத்துவது என்று முடிவெடுக்கலாம்.