பதில்: ரேங்க் லிஸ்டில் எதை மேலே போடுவது?

பதுளையில் இன்டர்ன்ஷிப் முடித்த உங்களுக்கு அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை செய்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சிக்கு, நான்கு இன்டர்வியூ. ரேங்க் லிஸ்டில், அதாவது நீங்கள் கொடுக்கும் விருப்ப வரிசையில், பிடித்த இடத்தை முதலில் போட்டால், "எங்களுக்கு உங்களைப் பிடித்திருக்கிறது" என்று சொன்ன இடம் கைநழுவுமோ என்று கேட்டிருந்தீர்கள். நழுவாது டொக்டர்.

அங்குள்ள மேட்ச், அதாவது இரு தரப்புப் பட்டியல்களையும் பொருத்தி யாருக்கு எந்த இடம் என்று முடிவுசெய்யும் முறை, 1998 முதல் விண்ணப்பதாரர் பக்கமிருந்துதான் ஓடுகிறது. முதலில் உங்கள் முதல் இடத்தில் முயலும். அங்கே அவர்கள் அதிகம் விரும்பியவர்களால் இடங்கள் நிரம்பினால், இரண்டாவதுக்கு இறங்குவீர்கள். இரண்டாவது இடத்தார் உங்களைத் தங்கள் பட்டியலில் எங்கே வைத்தார்களோ, அந்த மதிப்பு அப்படியே இருக்கும். அந்தப் பட்டியலில் உங்களுக்குக் கீழே இருப்பவர் அங்கே ஏற்கெனவே தற்காலிகமாக உட்கார்ந்திருந்தால், எழுந்து உங்களுக்கு இடம் விடவேண்டியதுதான். ஹட்டன் பஸ்ஸில் இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இந்தக் கணக்கின் வேர் 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் எழுதிய கட்டுரை. 2012இல் ஷாப்லிக்கும், மேட்சைத் திருத்தியமைத்த பொருளியலாளர் அல்வின் ராத்துக்கும் பொருளியல் நோபல் கிடைத்தது.

வாய்வார்த்தையை நம்பி வரிசையை மாற்றாதீர்கள். இரு தரப்பும் பதிந்த பட்டியல்தான் கணக்கு. ஒன்று மட்டும் கவனம்: ஓர் இடத்துடன் மேட்ச் ஆனால் அந்த முடிவு உங்களைக் கட்டுப்படுத்தும். போகவே மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.