கோடுகளுக்கும் வயது உண்டு: அரசியல் புவியியல் கேள்வி பதில்

பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தும் பாடம் இது. வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும், சிலவற்றை அப்படி முடிக்க மனம் வராது. உலக வரைபடத்தில் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் ‘இது எந்த வருடம் போட்டது, யார் போட்டது, எதற்காக?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி வந்த மாதிரிதான்.

கேள்வி: சார், அரசு, தேசம், தேச-அரசு என்று புத்தகத்தில் மூன்றாகப் பிரிக்கிறார்கள். பேச்சில் எல்லாமே நாடுதானே?

பதில்: பேச்சில் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. பாடத்தில் பிரித்துத்தான் ஆகவேண்டும். அரசு என்பது நிலத்தையும் சட்டத்தையும் சார்ந்த அமைப்பு. 1933இல் கையெழுத்தான மான்டிவிடியோ உடன்படிக்கை அதற்கு நான்கு தகுதிகளைச் சொன்னது: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். தேசம் என்பது மனிதர்களைச் சார்ந்தது. மொழியோ மதமோ வரலாறோ, ஏதோ ஒன்று அவர்களை ‘நாம்’ என்று உணர வைத்திருக்கும். இந்த இரண்டும் ஒரே எல்லைக்குள் பொருந்தினால் தேச-அரசு. ஐஸ்லாந்து அதற்கு மிக அருகில் வரும்.

பொருந்தாத இடங்களில்தான் அரசியல் சூடு பிடிக்கிறது. குர்து மக்கள் துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என நான்கு அரசுகளில் பிரிந்து கிடக்கிறார்கள். முதல் உலகப் போரில் தோற்ற ஒட்டோமான் பேரரசோடு 1920இல் போட்ட செவ்ரே ஒப்பந்தம் அவர்களுக்குத் தனி அரசு அமையும் வாய்ப்பைக் காட்டியது. மூன்றே வருடத்தில் லோசான் ஒப்பந்தம் அதை விட்டுவிட்டது. கொரியாவில் நிலைமை நேர் எதிர்: ஒரே தேசம், இரண்டு அரசுகள். பெல்ஜியத்தில் ஒரே அரசுக்குள் டச்சு பேசுபவர்களும் பிரெஞ்சு பேசுபவர்களும் கிட்டத்தட்ட தனித்தனி அரசியல் உலகங்களில் வாழ்கிறார்கள்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். உலகில் மொத்தம் எத்தனை நாடுகள் என்று கேட்டால் எதை எழுதுவது?

பதில்: தேர்வில் கேட்பது ஐ.நா. உறுப்பினர் எண்ணிக்கை என்றால் 193. கடைசியாகச் சேர்ந்தது 2011இல் தெற்கு சூடான். வாத்திகனும் பாலஸ்தீனமும் உறுப்பினரல்லாத பார்வையாளர் நிலையில் இருப்பதால் சிலர் 195 என்பார்கள்.

தேர்வை விட்டு வெளியே வந்தால், யாராலும் இறுதியாகச் சொல்ல முடியாத எண் இது. மான்டிவிடியோவின் தகுதிகள் வேறு, மற்றவர்களின் அங்கீகாரம் வேறு. தைவானிடம் மக்கள், நிலம், அரசாங்கம், ராணுவம், நாணயம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஐ.நா.வில் சீனாவின் இருக்கை 1971இல் பெய்ஜிங் பக்கம் போனது. சோமாலிலாந்து 1991இலிருந்து தனியாகத் தேர்தல் நடத்தித் தன்னைத் தானே ஆண்டுவருகிறது. பரவலான அங்கீகாரம் இன்றுவரை கிடைக்கவில்லை. வடக்கு சைப்ரஸை 1983 முதல் துருக்கி மட்டும் ஏற்கிறது. நாடாக வாழ்வதும் நாடாக ஏற்கப்படுவதும் ஒன்றல்ல என்பதை இந்த மூன்றையும் வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, ஆறும் மலையும் இயற்கை எல்லைகள், நேர்க்கோடுகள் செயற்கை எல்லைகள் என்று பள்ளியில் படித்தோம். இன்னும் அப்படித்தானா?

பதில்: அந்தப் பிரிவினையைக் கைவிடச் சொல்லித்தான் நான் முதல் வகுப்பிலேயே கேட்டுக்கொள்வேன். எல்லா எல்லையும் மனிதர்கள் முடிவு செய்ததுதான். ஆறு தானாக எல்லையாவதில்லை. இரண்டு அரசுகள் உட்கார்ந்து ‘இந்த ஆறு’ என்று தீர்மானித்தால்தான் அது எல்லை. அதே ஆற்றின் இரு கரையிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மொழி பேசி, பெண் கொடுத்து எடுத்து வாழ்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அப்புறம், ஆறு இடம் மாறும். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே ரியோ கிராண்டே ஆற்றை 1848இல் எல்லையாக வைத்தார்கள். எல் பாசோ நகருக்கும் சியுதாத் ஹுவாரெஸ் நகருக்கும் இடையே ஆறு தெற்கே நகர ஆரம்பித்தது. 1864இல் வந்த வெள்ளம் அதைப் பெரிதாக நகர்த்திவிட்டது. மெக்சிகோவின் சமிசல் என்ற நிலம் அமெரிக்கக் கரைக்குப் போய்விட்டது. ஆறு மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், திடீரென்று புதுப் பாதை வெட்டிக்கொண்டால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும் என்பது பொது விதி. இங்கே நடந்தது எது என்பதில்தான் சண்டை. 1911இல் நடுவர் குழு பெரும்பகுதியை மெக்சிகோவுக்குக் கொடுத்தது. அமெரிக்கா ஏற்கவில்லை. 1963இல்தான் ஒப்பந்தம் வந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள், இனிமேல் ஓடிப்போகாதபடி ஆற்றுக்கே கான்கிரீட் கால்வாய் கட்டினார்கள். ‘இயற்கை எல்லை’யைக் காப்பாற்ற கான்கிரீட் தேவைப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லையை வகைப்படுத்த வேண்டுமென்றால் காலத்தை வைத்துப் பிரிப்பது உருப்படியானது. மக்கள் பெரிதாகக் குடியேறும் முன்பே போட்டது, குடியேறிய பின் அவர்களின் பரவலுக்கு ஏற்ப அமைந்தது, இருந்த மக்களைக் கண்டுகொள்ளாமல் வெளியார் திணித்தது, இப்போது செயலில் இல்லாமல் தடம் மட்டும் மிஞ்சியது என்று அமெரிக்கப் புவியியலாளர் ரிச்சர்ட் ஹார்ட்ஷோர்ன் வழியில் பிரிப்பார்கள். கிழக்கு, மேற்கு ஜெர்மனிக்கு நடுவே இருந்த எல்லை கடைசி வகை.

கேள்வி: ஆப்பிரிக்காவை பெர்லின் மாநாட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பங்கு பிரித்தார்கள் என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரி வரை நடந்த அந்த மாநாட்டில் ஆப்பிரிக்கப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. அந்த அநியாயத்தைக் குறைத்துச் சொல்லவே கூடாது. ஆனால் இன்றைய எல்லைக் கோடுகள் அந்த மேஜையில் வரையப்படவில்லை. காங்கோ, நைஜர் ஆறுகளில் வணிகம், கடற்கரையில் புதிதாக உரிமை கோருவதற்கான விதிமுறைகள் போன்றவைதான் அங்கே முடிவாயின. கோடுகள் அதன்பின் பல வருடங்களாக பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, போர்ச்சுகல் தங்களுக்குள் இரண்டிரண்டு பேராகப் போட்ட ஒப்பந்தங்களில் வந்தவை. காம்பியாவின் வடிவத்தைப் பாருங்கள்: ஆற்றின் இரு கரையிலும் ஒரு ஒல்லியான பட்டை, சுற்றிலும் செனகல். அது 1889இல் பிரிட்டனும் பிரான்சும் பேசி முடித்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1964. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க அரசுகள் கெய்ரோவில் கூடி, விடுதலையின்போது இருந்த எல்லைகளை அப்படியே மதிப்போம் என்று தீர்மானித்தன. திணிக்கப்பட்டவை என்று தெரிந்தேதான் செய்தார்கள். ஒன்றைத் தொட்டால் எல்லாமே அவிழும் என்ற பயம் அவர்களுக்கு. சோமாலியாவும் மொராக்கோவும் உடன்படவில்லை. பிறகு எத்தியோப்பியாவிலிருந்து தனியான எரித்திரியாகூட (1993) பழைய இத்தாலியக் காலனியின் எல்லையைத்தான் எடுத்துக்கொண்டது. தெற்கு சூடானின் எல்லைக்கு, சூடான் விடுதலை பெற்ற 1956 ஜனவரி 1 அன்று இருந்த கோடுதான் அடிப்படை. இரண்டு சூடான்களுக்கும் நடுவே உள்ள அபியே பகுதி யாருடையது என்பது மட்டும் தீராமல் நிற்கிறது. கோடு போட்டவர்கள் போய்விட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் பள்ளிக்கூடம், வரி, ராணுவம், தேர்தல் எல்லாம் வளர்ந்துவிட்டன, அதனால் அதற்குச் சொந்தக்காரர்களும் உருவாகிவிட்டார்கள்.

கேள்வி: ஒரு நாட்டின் வடிவம் உண்மையிலேயே அரசியலைப் பாதிக்குமா?

பதில்: ஓரளவுக்குத்தான். வடக்கு தெற்காக 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சிலியை நிர்வகிப்பதும், திரண்ட வடிவில் இருக்கும் போலந்தை நிர்வகிப்பதும் வேறு வேறு வேலை. ஆனால் போலந்தின் வடிவம் அதைப் படையெடுப்பிலிருந்து காப்பாற்றவில்லையே. வடிவத்தைவிட அந்த வடிவம் எப்படி வந்தது என்பது சுவையானது. ஆப்கானிஸ்தானின் கிழக்கே விரல் மாதிரி நீளும் வாக்கான் பட்டை, ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது என்று 1895இல் முடிவு செய்து விட்டுவைத்த இடைவெளி.

கேள்வி: அண்ணா, ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் துண்டு இருப்பதைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: முதலில் ஒரு தெளிவு, தம்பி. முழுக்க இன்னொரு நாட்டால் சூழப்பட்டிருந்தால் அது உள்சூழ் நிலம். தாய்நாட்டோடு நிலத் தொடர்பு இல்லாமல் ஒதுங்கிக் கிடந்தால் அது புறநிலம். லெசோத்தோ முதல் வகை. ரஷ்யாவின் கலினின்கிராட் இரண்டாவது வகை மட்டும்தான், ஏனென்றால் அதற்குக் கடல் உண்டு.

இந்திய வங்கதேச எல்லையில் கூச் பெஹார் பக்கம் இருந்தவை இரண்டு வகைக்கும் பொருந்தும். வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். தஹாலா காக்ராபாரி என்ற இடம் வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுக்குள் இருந்த இந்திய நிலம். படிக்க வேடிக்கையாகத் தெரியலாம், வாழ்ந்தவர்களுக்கு அப்படி இல்லை. சொந்த நாட்டு அலுவலகத்துக்குப் போக அடுத்த நாட்டைச் சட்டவிரோதமாகக் கடக்கவேண்டும். மின்சாரம், பள்ளி, வாக்குரிமை, போலீஸ் எதுவும் ஒழுங்காக எட்டவில்லை. 1974இலேயே ஒப்பந்தம் ஆனது, நிலம் கைமாறியதோ 2015 ஆகஸ்ட் 1 அன்று. 50,000க்கும் மேற்பட்டவர்கள் எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார்கள். இறையாண்மை என்பது காகிதத்தில் இருந்தும் மனிதருக்குப் பயன்படாமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: கடலில் எல்லை எப்படிப் போடுகிறார்கள்? ஒரு சின்னப் பாறைக்காக நாடுகள் மோதுவது ஏன்?

பதில்: 1982இல் உருவாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் அடிப்படை. கரையோர அடிக்கோட்டிலிருந்து (பொதுவாகக் கடல் வற்றும்போது தெரியும் கரையின் விளிம்பு) 12 கடல் மைல் வரை ஆட்சிக் கடல். அதில் கிட்டத்தட்ட முழு இறையாண்மை உண்டு, ஆனாலும் பிற நாட்டுக் கப்பல்கள் தீங்கின்றிக் கடந்து போகலாம். 24 மைல் வரை சுங்கம், குடிவரவு போன்றவற்றுக்கான அடுத்த மண்டலம். 200 மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 200 மைல் என்பது சுமார் 370 கிலோமீட்டர். இந்த மண்டலத்தில் மீனும் எண்ணெயும் கரையோர நாட்டுக்கு, கப்பல் போக்குவரத்துச் சுதந்திரம் எல்லோருக்கும். பலர் இதையும் ‘எங்கள் கடல்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு.

இனி பாறைக்கு வருவோம். நடுக்கடலில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி அளவு தீவு, சுற்றிலும் 200 மைல் உரிமை தந்தால் நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடைக்கும். அதனால்தான் இவ்வளவு வேகம். மனிதர் வாழவோ சொந்தமாகப் பொருளாதார வாழ்வு நடத்தவோ இயலாத பாறைக்குப் பொருளாதார மண்டலம் கிடையாது என்று உடன்படிக்கையின் 121ஆவது பிரிவு சொல்கிறது. சீனாவுக்கு எதிராக பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016இல் நடுவர் மன்றம், தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுப் பகுதியில் எதற்குமே அந்த மண்டலம் இல்லை என்று தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை. மணலைக் கொட்டிப் பெரிதாக்கினாலும் சட்டத்தில் அதன் தகுதி மாறாது, ஆனால் ஓடுபாதை போட்டு உட்கார்ந்தவரை எழுப்பத் தீர்ப்பு மட்டும் போதவில்லை.

கேள்வி: மெக்கிண்டரின் இதயநிலக் கோட்பாடு இன்றைக்கும் செல்லுமா சார்?

பதில்: அதை ஜோசியமாகப் படித்தால் செல்லாது. 1904இல் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர் பேசியபோது அவர் மனதில் இருந்தது ரயில். அதுவரை கடற்படை வைத்திருந்தவர்களின் காலம், இனி யூரேசியாவின் உட்பகுதியை, அதாவது இதயநிலத்தை, தண்டவாளத்தால் இணைப்பவர்களின் காலம் என்பது அவர் கவலை. அது ஒரு பிரிட்டிஷ்காரரின் கவலையும்கூட. பிறகு அமெரிக்க அறிஞர் நிக்கோலஸ் ஸ்பைக்மன் வந்து, முக்கியம் உட்பகுதி இல்லை, அதைச் சுற்றிய விளிம்பு நிலம்தான் என்றார். இதயநிலத்தைக் கையில் வைத்திருந்த சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்தது.

நிலத்தைப் பார்த்து அரசியலின் விதியைச் சொல்லிவிடலாம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அரசு ஓர் உயிரி, அது வளர இடம் வேண்டும் என்று ஜெர்மன் புவியியலாளர் ஃப்ரெடரிக் ராட்சல் எழுதினார். அந்த ‘வாழ்விடம்’ என்ற கருத்தை ஹிட்லரின் ஆட்சி எடுத்துக்கொண்டு என்ன செய்தது என்பது தெரியும். இன்றும் யாராவது ‘புவியியல் எங்களை இந்தப் போருக்குத் தள்ளியது’ என்றால், அவர் தன் முடிவுக்கான பொறுப்பை மலை மீதும் ஆறு மீதும் போடுகிறார் என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: கடல் இல்லாத நாடுகள் எல்லாம் ஏழை நாடுகளா?

பதில்: இல்லை. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் இருக்கின்றனவே. கடல் இல்லாததைவிட, கடலுக்குப் போகும் வழியில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எரித்திரியா பிரிந்ததும் கடற்கரையை இழந்த எத்தியோப்பியா, அந்த நாட்டோடு 1998இல் போர் மூண்டபின் தன் வணிகத்தின் பெரும்பகுதிக்கு ஜிபூட்டித் துறைமுகத்தையே நம்புகிறது. உஸ்பெகிஸ்தானும் லிக்டன்ஸ்டைனும் கடலைத் தொட குறைந்தது இரண்டு நாடுகளைத் தாண்டவேண்டும்.

கேள்வி: தொகுதி எல்லையை மாற்றியே தேர்தலில் ஜெயிக்க முடியும் என்கிறார்கள். கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. 50 வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு 10 பேர். ‘அ’ கட்சிக்கு 30 பேர், ‘ஆ’ கட்சிக்கு 20 பேர். ஒவ்வொரு தொகுதியிலும் 6க்கு 4 என்று கலந்துவிட்டால் ஐந்தும் ‘அ’வுக்கு. இப்போது ‘ஆ’வின் ஆள் கையில் பேனா கிடைக்கிறது. இரண்டு தொகுதிகளில் ‘அ’ ஆதரவாளர்களை ஒன்பது ஒன்பது பேராக அடைக்கிறார். மிச்சம் ‘அ’வுக்கு 12, ‘ஆ’வுக்கு 18. அதை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 4க்கு 6. குறைந்த வாக்கு பெற்ற ‘ஆ’ மூன்று தொகுதிகளில் ஜெயித்துவிட்டது. ஒருவருடைய வாக்குகூட மாறவில்லை.

1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் இருந்ததால் இதற்கு ஜெர்ரிமாண்டர் என்று பெயர் வந்தது. கட்சி நோக்கத்தோடு செய்யும் இத்தகைய வரையறையைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் இந்த வேலையைக் கட்சி சாராத குழுக்களிடம் கொடுத்திருக்கின்றன. அதுதான் சரி.

கேள்வி: உலகமயமாக்கலில் எல்லைகள் மறைந்துவிடும் என்றார்களே?

பதில்: மறையவில்லை, இடம் மாறுகின்றன. 1985இல் கையெழுத்தான ஷெங்கன் ஒப்பந்தத்தால் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு இடையே சோதனை நின்றது. அதே நேரத்தில் வெளி எல்லை இறுகியது. 2015இல் அகதிகள் வந்தபோதும் 2020இல் பெருந்தொற்றின்போதும் உள் எல்லைச் சோதனைகள் திரும்பி வந்தன. இன்னொரு பக்கம், அமெரிக்காவுக்குப் போகிறவர் டப்ளின் விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை முடித்துவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை அமெரிக்க எல்லை அயர்லாந்தில் இருக்கிறது.

கேள்வி: எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நிலம் பூமியில் மிச்சம் உண்டா?

பதில்: உண்டு. அண்டார்டிகாவில் ஏழு நாடுகள் உரிமை கோரியிருக்கின்றன. 1959 ஒப்பந்தம் அந்தக் கோரிக்கைகளை அப்படியே உறைய வைத்திருக்கிறது. மேரி பேர்ட் நிலம் என்ற பெரிய பகுதியை யாருமே கேட்கவில்லை.

மற்றொன்று எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே உள்ள பிர் தவில், சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பாலை நிலம். 1899இல் பிரிட்டிஷார் 22ஆவது அட்சரேகையை எல்லையாக வைத்தார்கள். 1902இல் நிர்வாக வசதிக்காக வேறொரு கோடு போட்டார்கள். செங்கடல் ஓரத்தில் இருக்கும் ஹலாயிப் முக்கோணம் முதல் கோட்டின்படி எகிப்துக்கு, இரண்டாவதின்படி சூடானுக்கு. பிர் தவில் அதற்கு நேர்மாறு. எனவே எகிப்து 1899ஐப் பிடித்துக்கொள்கிறது, சூடான் 1902ஐப் பிடித்துக்கொள்கிறது. பிர் தவிலைக் கேட்கிற நாடு எதிராளியின் கோட்டை ஒப்புக்கொண்டதாகி ஹலாயிபை இழக்கும் என்பதால், இரண்டுமே அதை வேண்டாம் என்கின்றன.