ஓட்டக் காலணி, வேகம், கால்களின் ஒத்திசைவு: கேள்வி பதில்

கேள்வி (பாலக்கோடு, காவலர் தேர்வுக்குப் பயிற்சி செய்பவர்): ஐயா, மெதுவாக ஓடும்போது கால்கள் ஒழுங்காகப் போகின்றன. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேகமெடுத்தால் தாறுமாறாகிவிடுகின்றன. ஷூவை மாற்றலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு ஷூவுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பாதம் தரையைத் தொட்டதும் சற்று உட்புறம் சாய்கிறது. அதனுடன் கீழ்க்கால் எலும்பு உள்நோக்கித் திரும்ப, முழங்கால் மடங்குகிறது. பிறகு இவை அனைத்தும் எதிர்த்திசையில் விரிந்து உடலை முன்னே தள்ளுகின்றன. மெதுவான ஓட்டத்தில் இதற்கு ஏறக்குறைய கால் நொடி கிடைக்கிறது. வேகம் கூடக்கூட அந்த நேரம் சுருங்குவதோடு, உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான விசையை அதற்குள் தாங்க வேண்டியிருப்பதால், அந்த வேகத்தில் பழகாத கால்களில் இந்த வரிசை பிசகுவது இயல்பே. உங்கள் இலக்குக்கு 200 மீட்டரை 56 நொடியில் கடக்க வேண்டும். மைதானத்தில் அதே வேகத்தில் 200 மீட்டர் ஓடி, நடந்து இளைப்பாறி, மறுபடி ஓடுங்கள். ஒத்திசைவு அந்தந்த வேகத்தில்தான் பழகும். மெதுவாக மட்டுமே ஓடிவிட்டுத் தேர்வு நாளில் அதை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி (ஓசூர்): கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினேன். மெல்லோட்டத்தில் குதிகால் ஆடுகிறது. ஷூவில் குறையா?

பதில்: குறையாக இருக்க வேண்டியதில்லை. 2017இல் நைக்கி வேப்பர்ஃப்ளை என்ற கார்பன் தகடு ஷூ வந்தபோது, ஆய்வகத்தில் ஏறத்தாழ 4 சதவீத ஆற்றல் மிச்சமானது. ஆனால் அங்கே ஓடியவர்கள் மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய தேர்ந்த வீரர்கள். அதன் அடிப்பாகத்திலுள்ள உயரமான மென்நுரை விரைந்து மிதிப்பவருக்குத் துணைநிற்கிறது. மெதுவாக ஓடுகையில் பாதம் அதன்மேல் நெடுநேரம் நிற்பதால், கணுக்கால் பக்கவாட்டில் சமநிலை தேடி உழைக்கிறது. சாலைப் போட்டிகளுக்கு அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதென உலகத் தடகள அமைப்பு 2020இல் வரம்பு வகுத்தது. அன்றாட ஓட்டத்துக்குத் தட்டையான, உறுதியான ஷூவை வைத்துக்கொண்டு இதை வேகப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி (பென்னாகரம்): வெறுங்காலே சிறந்தது என்கிறார் எங்கள் பெரியப்பா. ஒகேனக்கல் சாலையில் அப்படி ஓடலாமா?

பதில்: பெரியப்பா சொல்வதில் உண்மை உண்டு. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடன் வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணியுடனும் வென்றார். வெறுங்காலில் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுவதால் குதிகாலின் முதல் அதிர்ச்சி குறைகிறது. அந்தச் சுமை மறைந்துவிடுவதில்லை. கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் போய்ச் சேருகிறது. ஆகையால் மலைச்சாலை இறக்கத்தில் தொடங்காதீர்கள்; சமமான மண் தரையில், வழக்கமான ஓட்டத்தின் முடிவில் சில நிமிடங்கள் மட்டும் பழகுங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, ஒரு தாய்): பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஓடும் மகளின் ஷூவில் குதிகாலின் வெளியோரம் தேய்ந்திருக்கிறது. காலில் கோளாறா ஐயா?

பதில்: பலருக்கும் முதலில் படுமிடம் அதுவே என்பதால், இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அஞ்ச வேண்டாம். ஒன்று மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால், பின்னாலிருந்து கைப்பேசியில் மெதுவோட்டத்தையும் வேகவோட்டத்தையும் தனித்தனியே படம்பிடியுங்கள். வேகத்தில் மட்டும் ஒரு முழங்கால் உள்ளே சரிந்தால், ஷூவுக்குள் பஞ்சுத் தாங்கி வைக்கும் முன் முழங்காலை நேராகப் பிடித்துவைக்க உதவும் இடுப்புத் தசையைப் பயிற்சியாளரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.