மூன்றாம் நாளே எழுந்துவிட்டார் என்றால் பெரிய வெள்ளிக்கு எதற்கு அழுகை?

நீங்கள் கேட்டிருப்பது இது: "இயேசு இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். திரும்பி வந்துவிட்டவரின் சாவு எப்படித் தியாகம் ஆகும்? அந்தச் சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் அவர்களுக்கு என்னதான் அர்த்தம்?"

உங்கள் ஆபீசில் யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து, திங்கட்கிழமை கேக் கொண்டுவந்து நீட்டியிருப்பார், நீங்களும் குழம்பிப்போய் இங்கே வந்து கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கிண்டலுக்குக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. இதே கேள்வியை என் தம்பி மனைவி என்னிடம் கேட்டாள். அவள் கேட்டதில் கிண்டல் துளியும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இறையியல் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 'வசனத்தைத் திரிக்கிறாள்' என்று ஒரு கூட்டம் வரும், 'வெள்ளைக்காரன் மதத்துக்கு வக்காலத்து வாங்குகிறாள்' என்று இன்னொரு கூட்டம் வரும். இரண்டு கூட்டத்துக்கும் வணக்கம். மதம் மாற்றுவதற்காகவும் இதை எழுதவில்லை. என் தம்பி மனைவி இன்றைக்கும் ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான்.

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனத்தில், நெல்லும் வாழையுமாக இருக்கும். ஊரில் பாதிப்பேர் நாலைந்து தலைமுறையாகப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். பாதிரியாரை ஐயர் என்போம், தேவாலயத்தைக் கோயில் என்போம். 'ஐயர் வீட்டில் இன்று பிரியாணி' என்று நாங்கள் பேசிக்கொண்டால் வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிடம் முழிப்பார்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்த விளக்கம் கடன் கணக்கு. மனுஷன் பாவம் செய்து கடனாளி ஆனான், அவனால் கட்ட முடியாது, தேவகுமாரன் வந்து தன் ரத்தத்தைக் கொடுத்துக் கட்டினார். சிலுவையில் 'முடிந்தது' என்று அவர் சொன்னதற்கு 'பாக்கி இல்லை' என்று அர்த்தம். கந்துவட்டி புழங்குகிற ஊரில் இது பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். வட்டிக்காரர் சைக்கிள் மணி கேட்டால் எங்கள் அப்பா கொல்லைப்புறமாகப் போய்விடுவார். 'அப்பா இல்லை' என்று பொய் சொல்ல வேண்டிய வேலை எனக்கு. அந்தக் கடனையும் இயேசு கட்டிவிட்டால் நன்றாயிருக்குமே என்று ஏழு வயதில் ஜெபம் பண்ணியிருக்கிறேன்.

இயேசுவின் வாழ்க்கையைச் சுவிசேஷமாக எழுதிய நால்வரில் ஒருவரான யோவான் எழுதியிருக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேர் அர்த்தம் 'நிறைவேறியது' என்பதுதான் என்று பெரியவளான பிறகு தெரிந்தது. அது கடன் தீர்ந்த ரசீதில் எழுதுகிற சொல் என்று பிரசங்கிகள் சொல்வது கொஞ்சம் இழுவைதான். அதோடு, கடன் கணக்கு ஒன்றே விளக்கம் என்று பழைய விசுவாசப்பிரமாணம் (சபையின் நம்பிக்கை அறிக்கை) எதுவும் கட்டிவைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் உருவான நிசேயா பிரமாணம், ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் 'நமக்காக' சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எப்படி நமக்காக? சுவிசேஷம் எழுதிய இன்னொருவரான மாற்கு 'மீட்கும்பொருள்' என்கிறார், அதாவது அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் விலை. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர், மனிதன் கடவுளின் கௌரவத்துக்கு உண்டாக்கிய குறையை ஈடுசெய்தது என்று விளக்கினார். பிரபுவும் குடியானவனுமாக இருந்த காலம், அந்த வாடை அதில் அடிக்கும். கொஞ்ச காலம் கழித்து வந்த அபெலார், அந்த அன்பைப் பார்த்து மனிதன் மனம் இளகுகிறானே, அதுதான் மீட்பு என்றார். நமக்கு விழவேண்டிய தண்டனையை அவர் வாங்கிக்கொண்டார் என்பது புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்களான லூத்தர், கால்வின் வழியில் வந்த பேச்சு. எங்கள் ஊர்ப் பிரசங்கம் முக்கால்வாசி இதுதான்.

எனக்குப் பிடித்தது ஒரு படம். இஸ்தான்புல்லில் கோரா என்ற பழைய தேவாலயத்தின் சுவரில் 14ஆம் நூற்றாண்டில் வரைந்தது. பாதாளத்தின் கதவுகள் பிய்ந்து கிடக்கின்றன. கிறிஸ்து அதன் மேல் நின்றுகொண்டு, ஒரு பக்கம் ஆதாமையும் மறுபக்கம் ஏவாளையும் கல்லறைகளிலிருந்து இழுக்கிறார். பிடித்திருப்பது மணிக்கட்டை. கிணற்றில் விழுந்து மயங்கியவனை அப்படித்தானே தூக்குவார்கள்? அவன் நம் கையைத் திரும்பப் பிடிக்க மாட்டானே.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைவிட ஆறு வயது சின்னவன். வாழை போட்டான். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து இந்துப் பெண்ணை விரும்பி ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டான். சபைப் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். அவனும் ரோஷத்தில், சபையார் வருஷாவருஷம் கட்டும் சங்கக் காணிக்கையை நிறுத்தினான். ஆனால் தோட்டத்தில் முதல் தார் வெட்டினால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். பெயர் இல்லாதவன் தார் வேண்டாம் என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை.

2019 நவம்பர் மழையில் தோட்டத்து மோட்டாரைப் போடப் போனவன் மின்சாரம் தாக்கி இறந்துபோனான். 34 வயது. பையனுக்கு நாலு.

கோயில் மணி அடிக்க வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட வேண்டும். சபைக் கமிட்டிக்காரர்கள் நோட்டைப் பிரித்தார்கள். ஒன்பது வருஷப் பாக்கி, அதற்கு அபராதம், குழிக்கு இடம், எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். ஐஸ்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து, ஏடிஎம் இருக்கிற ஊருக்கு பைக்கில் போய்ப் பணம் எடுத்து வந்தார். இரண்டு ரசீது தந்தார்கள். அப்புறம்தான் மணி அடித்தது. சாயங்காலம் குழிக்கு முன்னால் நின்று ஐயர், நம் கடனையெல்லாம் இயேசு சிலுவையில் கட்டித் தீர்த்தார் என்று பிரசங்கம் பண்ணினார். அவர் மேல் தப்பில்லை, புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர், காலையில் நடந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் என் கைப்பைக்குள் ரசீது இருந்தது.

இந்தக் கமிட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. தேர்தல் வந்தால் வேன் வைத்துச் சென்னையிலிருந்தெல்லாம் ஆள் கூட்டிவருகிறார்கள். இரண்டு அணி, இரண்டு பந்தி, போலீஸ் பாதுகாப்பு. கோயில் கூரை பீடத்துக்கு மேலேயே ஒழுகுகிறது, அதற்கு ஓடு மாற்ற ஆள் இல்லை. பெண்கள் ஓட்டு வேண்டும், பெண்கள் கமிட்டிக்கு வேண்டாம், அசனம் என்கிற சபை விருந்துக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். நான்கு சுவிசேஷங்களிலும் காலிக் கல்லறையை முதலில் பார்த்தது பெண்கள்தான். அவர்கள் போய்ச் சொன்னது ஆண்களுக்கு 'வீண்பேச்சாகத் தோன்றியது' என்று லூக்கா எழுதியிருக்கிறார். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அம்மாவையும் தம்பி குடும்பத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஊருக்குப் போனவள் ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. கோயில் பூட்டியிருந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை நடக்கிற மும்மணி ஆராதனையைப் போனில் வைத்து, அதைச் சொம்பில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். சிலுவையில் அவர் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரசங்கிப்பார்கள். நாலாவது வார்த்தை, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" அது வந்ததும் அம்மா உடைந்து அழுதாள். கோயிலில் தருகிற கஞ்சி அந்த வருஷம் இல்லை என்று அவளே காலையில் காய்ச்சி மூடிவைத்திருந்தாள். அது ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

அப்போதுதான் தம்பி மனைவி கேட்டாள். "மதினி, ஞாயித்துக்கிழம எந்திரிக்கப் போறோம்னு ஒங்க சாமிக்குத் தெரியும்லா? அத்தைக்கும் தெரியும். பொறவு எதுக்கு இப்பிடி அழுதாவ? நான் அழுதா அதுல ஞாயம் இருக்கு. இவரு எந்திரிக்க மாட்டாரே."

டீச்சர் அல்லவா, உடனே பாடம் எடுத்தேன். அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதியதைச் சொன்னேன்: கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்து 'முதற்பலனானார்'. முதல் தார் வெட்டிவிட்டோம் என்றால் தோட்டத்தில் மீதியும் விளையப் போகிறது என்று அர்த்தம் இல்லையா? இவர் எழுந்தது இவரோடு முடிகிற சங்கதி இல்லை, மற்றவர்களும் எழுவார்கள் என்பதற்கு இவர்தான் முதல் தார். தம்பி வெட்டிக் கொண்டுபோய் வைத்த தார்களை நினைத்துக்கொண்டே சொன்னேன், குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது.

அவள் யோசித்தாள். "போன சித்திரையில மொதத் தார் வெட்டின மறுவாரம் காத்தடிச்சு நானூறு வாழ சாஞ்சிட்டு மதினி. அவரு அன்னிக்கு சாப்பிடவே இல்ல."

தோட்டத்தில் நின்று பார்த்தவளிடம் வாழை உவமை எடுபடாது. அதற்குமேல் நான் பேசவில்லை.

அன்றைக்குச் சொல்ல வராத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். யோவான் சுவிசேஷத்தில் லாசரு கதை இருக்கிறது. நண்பன் செத்து நாலு நாள். இயேசு அவனை எழுப்பத்தான் போகிறார், அவருக்கே அது தெரியும், கிளம்பும் முன்பே சீடர்களிடம் சொல்லியும் விடுகிறார். ஆனாலும் அந்த ஊருக்குப் போய், அழுகிற அக்காள் தங்கையைப் பார்த்ததும் 'இயேசு கண்ணீர்விட்டார்'. இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறவர் அழுகிறார். முடிவு தெரிந்தால் அழுகை தேவையில்லை என்ற கணக்கு அவருக்கே ஒத்துவரவில்லை. அந்த லாசருவும் பிறகு ஒருநாள் செத்திருப்பார், அது வேறு. இயேசுவின் உயிர்த்தெழுதல் அந்த மாதிரி பழைய உயிருக்குத் திரும்பியது இல்லை, இனிச் சாவு தொடமுடியாத உயிர் என்பது எங்கள் நம்பிக்கை.

அப்படி எழுந்தவரின் உடம்பிலும் ஆணித் தழும்பு இருந்தது. நம்ப மாட்டேன் என்ற சீடர் தோமாவுக்கு அவர் காட்டியது அதைத்தான். சென்னையில் பரங்கிமலைக்கு செயின்ட் தாமஸ் மவுண்ட் என்றும், சாந்தோமுக்கும் பெயர் தந்த அதே தோமா. சாவையே ஜெயித்தவருக்குத் தழும்பை ஆற்றிக்கொள்ளத் தெரியாதா? வைத்துக்கொண்டார். ஞாயிறு வந்து வெள்ளியை அழித்துவிடவில்லை. 'திரும்பி வந்துவிட்டாரே, அப்புறம் என்ன தியாகம்' என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வலி வலியாகவே நடந்தது, கைவிடப்பட்டது போன்ற அந்தக் கதறலும் நிஜம். கடவுள் அந்த இடத்துக்குள்ளும் போய்வந்தார் என்றால், என் தம்பி போன இடம் அவருக்குத் தெரியாத இடம் இல்லை.

'ஆதாரம் எங்கே' என்று கேட்பவர்களுக்கு: ஒரு மனிதர் பிலாத்துவின் ஆட்சியில் சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதில் வரலாற்றாளர்களுக்குப் பெரிய சண்டை இல்லை. ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் அதை எழுதியிருக்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் இஸ்ரேலில் செசரியாவில் கிடைத்தது. 1968இல் எருசலேமில் ஒரு கல்பெட்டியில், குதிகால் எலும்பில் ஆணி இறங்கியபடியே ஒருவரின் எலும்புகள் கிடைத்தன. சிலுவையில் செத்த அந்த மனிதரின் எலும்பைப் பொறுக்கிவைத்து, பெட்டியில் அவர் பெயரையும் செதுக்கியிருக்கிறார்கள் வீட்டார். நான் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். உயிர்த்தெழுதல் இப்படித் தோண்டி எடுக்கிற விஷயம் இல்லை. பவுல் அதில் நழுவ இடமே வைக்கவில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா (வீண்), உங்கள் விசுவாசமும் விருதா என்று அவரே எழுதிவிட்டார். நான் நம்புகிறேன். சில நாள் நன்றாக, சில நாள் அரைகுறையாக.

(ஈஸ்டர் என்பது பழைய பாபிலோனின் இஷ்தார் தேவதை பண்டிகை என்று ஒவ்வொரு ஏப்ரலும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற உறவினர்களுக்கு: கிரேக்கத்திலும் லத்தீனிலும் அந்தப் பண்டிகைக்குப் பெயர் பாஸ்கா, யூதர்களின் பஸ்காவிலிருந்து வந்தது. தயவுசெய்து நிறுத்துங்கள்.)

அந்த ஞாயிறு அதிகாலை பவனி இல்லை. மற்ற வருஷம் நாலு மணிக்கே ஊரே மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். நானும் அவளும் பையனைத் தூக்கிக்கொண்டு இருட்டோடு போனோம். போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். தம்பி குழிமேல் இன்னும் மரச்சிலுவைதான், மண்ணும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டில் கதை ஓரிடத்தில் நின்றுவிடும்: கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடம் அன்றுதான் எனக்குச் சரியாகப் பட்டது. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. அவள் குனிந்து மண்ணைக் கையால் அணைத்துவிட்டாள், வாழைக்கு அணைப்பது போலவே. வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டோம்.

மறு வருஷம் ஜனவரியில் சபையிலிருந்து தம்பி பெயருக்கு ஒரு சீட்டு வந்தது. அந்த ஆண்டுக்கான சங்கக் காணிக்கை. பாக்கி முழுவதும் கட்டியாகிவிட்டதால் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டார்களாம். செத்தவனுக்கா என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள்தான் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும் மதினி. பேரு இருக்கட்டும்."

அவளே போய்க் கட்டிவிட்டு வந்தாள்.